நாக்கும் மிதவையும்

எங்கள் எதிர்வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாசலில் மீன் படம் போட்ட பலகை ஒன்று தொங்கும். புதிதாகக் குடிவந்தவர் யாராவது அதைப் பார்த்துவிட்டுக் கையில் பையோடு போய் நிற்பார். முள் குறைவாக அரைக் கிலோ வேண்டும், வறுக்கிற மாதிரி வெட்டித் தர வேண்டும் என்பார். தொட்டிக்காரருக்கு அப்போது வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

என் கடை வாசலும் அவர்கள் முன்னறையும் நேருக்கு நேர். தலையை நிமிர்த்தினால் அந்த அறைதான் கண்ணில் படும். ஆகவே நான் எட்டிப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அதனால் அவர் மனைவி எனக்கு அண்ணி. அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறாள், பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அந்த முன்னறையில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். எல்லோரும் வளர்க்கிற குளத்து மீனோ கடல் மீனோ அங்கே இல்லை. ஆறு கடலில் சேருகிற வாயில் வாழ்கிற மீன்களைத்தான் அவர் வளர்த்தார். கடல் ஏறும்போது அந்த இடம் உப்பாகிவிடும், இறங்கினால் உப்பு குறையும், மேலே மழை கொட்டினால் வெறும் நல்ல தண்ணீர். இந்த மீன்கள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஒரு தொட்டியில் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து நம்மையே முறைத்துப் பார்க்கிற சேற்று மீன். இன்னொன்றில் தண்ணீரைத் துப்பிப் பூச்சியை விழ வைக்கிற மீன்கள். புதிதாகத் தோடு போட்டுக்கொண்டு நான் ஒருநாள் குனிந்து பார்த்தேன், பளபளப்பைக் கண்டு பூச்சி என்று நினைத்ததோ என்னவோ, கன்னத்தில் புளிச்சென்று துப்பிவிட்டது. அண்ணி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிளினிக், ஓட்டல், பெரிய வீடுகள் என்று அவர் தொட்டி வைத்துக்கொடுத்த இடங்கள் நிறைய. மத்தியானம் வாளி, குழாய், வலையோடு கிளம்பிப் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருவார். வீட்டில் பெரிய பீப்பாயில் தண்ணீர் பிடித்துக் கடலுப்புப் போட்டுக் கலக்குவார். எவ்வளவு உப்பு என்பதற்கு அவர் வைத்திருந்த கருவி அவருடைய நாக்குதான். விரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பார், கண்ணை மூடுவார், இன்னும் ஒரு கை என்பார். அண்ணியும் கூடவே நின்று நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார். மீன் மூத்திரத்தை ருசி பார்க்கிற குடும்பத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்று நான் கிண்டல் செய்வேன். மகள் ஒருமுறை அவருக்குக் கண்ணாடி மிதவை ஒன்று வாங்கிவந்தாள். அடியில் கனம் வைத்த குழாய். தண்ணீரில் போட்டால் உப்பு கூடியிருந்தால் எழும்பும், குறைந்திருந்தால் அமிழும், நடுவில் ஒரு பச்சைக் கோடு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கம்மா சாப்பாட்டுக்கும் ஒண்ணு வாங்கியா என்று சொல்லி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

சாப்பாட்டில் அவர் அப்படித்தான். உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலும் தட்டைத் தள்ளி வைப்பார். பேச மாட்டார், தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அண்ணி எழுந்து போய்ச் சரிசெய்து கொண்டுவருவார். நானாக இருந்தால் தட்டோடு தலையில் கவிழ்த்திருப்பேன். அண்ணி வேறு மாதிரி. எதைச் சொன்னாலும் உள்ளே வாங்கிக்கொண்டு முகத்தில் காட்டாத ஆள்.

அவர் உயிரையே வைத்திருந்தது பெரிய தொட்டியில் இருந்த ஒரு ஜோடியின் மேல். உள்ளங்கை அகலத்தில் வட்டமான மீன்கள், பச்சை கலந்த சாம்பல் நிறம், உடம்பெங்கும் முத்து முத்தாகப் புள்ளி. குஞ்சாகக் கொண்டுவந்து வளர்த்து, அவையே ஒன்றையொன்று தேர்ந்தெடுத்துக்கொள்ளக் காத்திருந்தார். சாய்த்து வைத்த ஓட்டுத்துண்டை அவை வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இதுங்க ஒரு தடவை குஞ்சு பொரிச்சிட்டாப் போதும் தங்கச்சி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம் என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கு ஆச்சரியம்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. எழுந்து நடமாடவே நாளாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆள் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தார், வேறு குறை ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை. பழையபடி விரலை நனைத்தார், கண்ணை மூடினார். சாப்பாட்டில் குறை சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். அண்ணி என்னிடம் வந்து, காய்ச்சல் அவரைச் சாதுவாக்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். நானும், அப்படியென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வரட்டும் என்றேன்.

வெயில் காலம் தொடங்கியபோது அந்த ஜோடி முட்டையிட்டது. ஓட்டின் மேல் வரிசை வரிசையாக ஒட்டிவைத்திருந்தன. ஒன்று செட்டையால் விசிறும், இன்னொன்று காவல் நிற்கும். தொட்டிக்காரர் அறைக்குள் செருப்பில்லாமல் நடந்தார், எங்களையும் மெதுவாகப் பேசச் சொன்னார். இரண்டாம் நாள் முட்டைகள் வெளுத்துப் பஞ்சுபோலப் பூஞ்சை பூத்துவிட்டன. பெற்றவையே அவற்றைப் பிய்த்துத் தின்றன. அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் மறுபடி இட்டன, மறுபடி வெளுத்தன. மூன்றாம் முறையும் அதேதான். பெரிய மீன்களுக்கோ ஒரு குறையும் இல்லை. நன்றாகத் தின்றன, நன்றாக மின்னின.

அவருக்குச் சந்தேகம் எங்கெங்கோ போயிற்று. குழாய்த் தண்ணீரில் மருந்து கூடிவிட்டது என்றார், உப்பில் கலப்படம் என்றார். கடைசியில் அண்ணியின் மேல் வந்து நின்றது. பாத்திரம் தேய்த்த கையோடு தொட்டியைத் தொடுகிறார், சோப்புப் பட்டுத்தான் முட்டை கெடுகிறது என்றார். அண்ணி மறுத்துப் பேசவில்லை. அவர் எதிரிலேயே கையை மறுபடி மறுபடி அலம்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காம் முறை முட்டையிட்டிருந்தபோது நடந்தது இது. காற்றே இல்லாத மத்தியானம். நான் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். கிளினிக் பூட்டியிருந்ததால் அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். உள்ளே அண்ணி முழங்கை வரை பெரிய தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். முட்டைகள் அதற்குள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. வாளி கீழே விழுகிற சத்தம் கேட்டு நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன். பிறகு அவர் பேசியது தெருவுக்கே கேட்டது.

"உன் கை பட்டா எதுவும் தங்காது. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தங்கல."

இதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசிவிட்டது. மகள் பிறப்பதற்கு முன்னால் அண்ணிக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அந்த நினைப்பு இருந்ததா, கோபத்தில் வாய்க்கு வந்ததைக் கொட்டினாரா, தெரியாது. கேட்டவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். அடுப்பை அணைத்துச் சோற்றை மூடி வைத்தார். ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்து, துணி வெட்டுகிற பலகை ஓரத்தில் உட்கார்ந்தார். மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. எதற்காகத் தொட்டியில் கை விட்டீர்கள், அவர்தான் தொடாதே என்று சொல்கிறாரே என்று கேட்டேன். என் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு நாக்குல ருசியே இல்ல. காய்ச்சலோட போயிடுச்சு."

காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள் அண்ணி சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டாராம். தான் குடிக்கும்போதுதான் தெரிந்ததாம். பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினால், அவர் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் வேண்டுமென்றே காயில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதையும் தின்றுவிட்டு எழுந்து போனாராம். அதற்கப்புறம் தொட்டிக்குள் விரலை விட்டு ருசி பார்த்தால் உப்பு குறைந்து சப்பென்று இருந்திருக்கிறது. அவர் வெளியே போனதும் அண்ணி உப்பைக் கரைத்து ஊற்றிப் பழைய ருசிக்குக் கொண்டுவருவார். மறுநாள் பார்த்தால் மறுபடி சப்பென்று இருக்கும், மறுபடி ஊற்றுவார். மாதக்கணக்காக இதே வேலை.

இதை அவரிடம் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா என்று கோபமாகக் கேட்டேன்.

"அவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? அந்த நாக்கை வச்சுத்தானே அவர் நிமிர்ந்து நடக்கறாரு. நீயும் சொல்லாத."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்காமல் திரும்பி வருகிறோமே என்று ஆத்திரமாக வந்தது.

அவர் அடுத்த நாள் கதவைத் திறந்து வழக்கம்போல் வேலையைப் பார்த்தார். கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே தின்றார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன், எனக்கும் கழுத்து இருக்கிறது. மகள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். அம்மா வர மாட்டாள், தொட்டிகளை யாருக்காவது கொடுத்துவிட்டு நீங்களும் என்னோடு வந்து இருங்கள், இல்லையென்றால் மீன்களோடு குடும்பம் நடத்துங்கள் என்றாள். அவர் வலையை அலசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு முன்னால் கொடியில் அண்ணியின் துண்டு ஒன்று காய்ந்து விறைத்துப்போய்க் கிடந்தது. அதை அவர் எடுக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

மழை திரும்ப வருவதற்கு முன்னால், புழுக்கமான ஒரு காலையில், அவரே என் கடைப் படியேறி வந்தார். சவரம் செய்யாத முகம். வா, வந்து பாரு என்றார். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், கால் கேட்கவில்லை.

பெரிய தொட்டியின் அடியில் மணலில் ஒரு சின்னக் குழி. அதற்குள் நூல் துணுக்குகள் போல ஒரு கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துணுக்கிலும் இரண்டு கண். பெற்றவை இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகக் காவல் நின்றன. ஒரு குஞ்சு கூட்டத்தைவிட்டு மேலே எழும்பியது. தாய் அதை வாயால் கவ்விக்கொண்டுவந்து குழியில் துப்பியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதை அவர் பேசிக் கெடுத்தார்.

"பாத்தியா. அவ கை படல, இந்தத் தடவை பொரிச்சிருச்சு. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?"

ஜெயித்தவன் குரல் இல்லை அது. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணிக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிஷமே காற்றில் போயிற்று. உங்கள் நாக்கு செத்துப்போனது அண்ணிக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். உப்பில்லாத சூப்பைச் சொன்னேன், உப்பை அள்ளிப் போட்ட காயைச் சொன்னேன். நீங்கள் ருசி தெரியாமல் சப்பென்று ஆக்கிவைக்கிற தண்ணீரை யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய உப்புக் கரைத்து ஊற்றத்தான் அந்தக் கை தொட்டிக்குள் போயிற்று, சோப்பும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை என்றேன். மூச்சுவிடாமல் பேசிவிட்டேன்.

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தக் கண்ணாடி மிதவையை எடுத்தார். துடைத்துத் துடைத்துப் பச்சைக் கோடு மங்கியிருந்தது.

"காய்ச்சல்லேர்ந்து நான் இதைத்தான் போட்டுப் பாக்கறேன். தினமும், அவ குளிக்கப் போற நேரத்துல. தினமும் உப்பு ஏறியிருக்கும். நான் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணிய ஊத்திக் கோட்டுக்குக் கொண்டுவருவேன். எங்கேர்ந்து ஏறுதுன்னு யார்கிட்ட கேக்கறது? கேட்டா இதை எடுத்துக் காட்டணும்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காலையில் இவர் குறைத்திருக்கிறார், மத்தியானம் அண்ணி கூட்டியிருக்கிறார். நாக்கின் கணக்கு பச்சைக் கோட்டைவிடக் கொஞ்சம் உப்பு கூடியது; அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டில் எந்த அளவில் விட்டிருந்தாலும் பொரித்திருக்கும். ஆளுக்கு ஆள் ஒளித்துக்கொண்டு தினம் இரண்டு முறை ஏற்றி இறக்கியதில்தான் முட்டைகள் செத்தன. வேறு மீனாக இருந்திருந்தால் முதல் நாளே மல்லாந்து மிதந்து இருவரையும் காட்டிக்கொடுத்திருக்கும். இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டன.

அவர் பீப்பாயின் மூடி மேல் உட்கார்ந்தார். டாக்டரிடம் தனியாகப் போய்வந்ததாகவும், ருசி இனித் திரும்புவது சந்தேகம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

"உப்புத் தெரியாமப் போனது கூடப் பரவாயில்ல தங்கச்சி. அவ சமைச்சதை நான் சாப்பிட்டே எவ்ளோ நாளாச்சு. அவ இருந்தப்பவும் தினமும் தட்டு காலியாச்சு, நான் சாப்பிடல."

அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். என்ன செய்வது என்று தெரியாமல் நான் அவர் கையிலிருந்த மிதவையை வாங்கி மேசை மேல் வைத்தேன், உடைந்துவிடப் போகிறதே என்று. பிறகு, நாக்கு போனதைச் சொல்லி அழுவது இருக்கட்டும், அன்றைக்கு நாக்கால் சொன்னதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மகள் வீட்டில் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. மத்தியானம் இருவரும் தெருமுனையில் வருவதைப் பார்த்தேன். பை அவர் கையில் இருந்தது. அண்ணி நாலடி பின்னால் வந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத அதே முகம். கூப்பிட்டார்கள் என்று வந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. துண்டைக் கொடியிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கும் அழைப்பு வந்தது. நான் போனபோது அண்ணி பெரிய தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குஞ்சுகள் குழியைவிட்டு எழுந்து பெற்றவற்றின் வயிற்றடியில் புகைபோல நகர்ந்துகொண்டிருந்தன. கையை விட்டு உப்புப் பாரு என்று அவர் சொன்னார். அண்ணி அசையவில்லை. அவர் மறுபடி கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அண்ணி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது, ஆனால் குஞ்சுகளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, இப்படியே இருக்கட்டும் என்றார். அவர் மிதவையை எடுத்துவந்து அண்ணி கண் முன்னாலேயே தொட்டியில் போட்டார். அண்ணி குனிந்து பச்சைக் கோட்டைப் பார்த்தார்.

மூவரும் தொட்டிகளுக்கு நடுவில் தரையில் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. அவரே சமைத்துப் பரிமாறினார். முதல் வாயிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு உப்பு. நான் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தேன். அண்ணி ஒரு வாய் வைத்தார், விழுங்கினார், அடுத்த வாயைப் பிசைந்தார். அவர் தன் தட்டைத் தொடாமல் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்குங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அண்ணியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இனிமே எனக்கு உன் நாக்குதான். அதுவும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

அண்ணி பிசைந்த வாயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வாயையும் போட்டுக்கொண்டார், மெல்லவில்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"கரிக்குது. வாயில வைக்க முடியல." கண் நிரம்பிவிட்டது. "இது பரவாயில்லீங்க. அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, எதுவும் தங்கலன்னு. அதை என்னால முழுங்கவே முடியல."

அத்தனை வருஷத்தில் அண்ணி அவரைப் பார்த்து இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அண்ணியின் வாய்க்கு நேராக ஏந்தினார்.

"முழுங்க வேணாம். துப்பிடு."

அண்ணி அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து துப்பினார். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டுச் செம்பில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.